மாமா போட்ட கோடிச் சேலை

ராஜபாளையம்
6.2.2025

முனீஸ்வரிக்கு,

அண்ணன் தவசிமுத்து எழுதுவது. அன்புள்ள என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. உன் நம்பரை நேற்றே போனில் பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு சொல்லுவாய். பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் உனக்கு இன்லாண்டு லெட்டர் எழுதியவன் நான். கடிதத்தில்தான் நீ நடுவில் புகுந்து பேச முடியாது.

நேற்று கூமாப்பட்டியிலிருந்து கருத்தப்பாண்டி மாமா வந்தார். அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். என் மகள் ஈஸ்வரி பெற்ற பிள்ளையைப் பார்க்க, அந்த வயசில் பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கிறார். உன் மதினி கறி எடுத்து ஆக்கி இலையும் போட்டுவிட்டாள். பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று உள்ளே போனார். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினார். பிறகு அவள் படுத்திருந்த மெத்தையைப் பார்த்தார். குனிந்து அதன் கரையை விரலால் தடவினார்.

"இது நான் அக்காவுக்குப் போட்ட கோடில்லா" என்றார்.

அவ்வளவுதான். பிள்ளையை ஈஸ்வரியிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இலையில் வைத்த சோறு அப்படியே காய்ந்து போனது. தாய்மாமன் என் வீட்டில் கை நனைக்காமல் போய்விட்டார்.

அந்த மெத்தை, முந்தின நாள் நான் மில்லில் நைட் டியூட்டியில் இருந்தபோது நீ கொண்டுவந்து கொடுத்தது. போன வருடம் அம்மா செத்தபோது மாமா அம்மா மேல் போர்த்திய வாடாமல்லி நிறச் சேலை அது. செத்தவர்கள் மேல் போட்ட துணி மயானத்தைத் தாண்டி வீட்டுக்குள் வரலாமா? நீ மயானத்தில் கோடித் துணியை மூட்டை கட்டி உன் ஷெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போவது எனக்குத் தெரியும். என் காதுபடவே ஊரில் பேசினார்கள். நைட்டி கம்பெனிகளில் கட்டிங் வேஸ்ட் எடுக்கிறாள், அதோடு இதுவும் ஒன்று, தங்கச்சி பிழைப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதைப் பிறந்த பிள்ளைக்கு அடியில் கொண்டுவந்து விரிப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் செய்தேன். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடக் கூடாது, நிறைய வருடம் வாழ்ந்தவர்களின் பழைய துணியில்தான் போட வேண்டும், அம்மாவின் பழைய சேலை ஏதாவது உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன். "கொண்டாரேன்" என்றாய். கொண்டுவந்த லட்சணம் இது.

மெத்தையைக் கையோடு எடுத்துப் போய்ப் பெட்ரோல் ஊற்றி எரித்துவிட்டேன். ஈஸ்வரி என்னமோ சொல்ல வந்தாள். வாயை மூடு என்றேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன். இனி என் வீட்டுப் படி ஏறாதே.

தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.2.2025

அண்ணனுக்கு,

முனீஸ்வரி எழுதுவது. உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். உங்கள் கடிதம் மூன்று நாள் கழித்து வந்தது. அதற்கு முன்னாலேயே உங்கள் மெத்தை வந்துவிட்டது.

ஆமாம், நீங்கள் பெட்ரோல் ஊற்றி எரித்த அதே மெத்தைதான். உங்கள் ஊரில் குப்பை பிரிக்கிறவர்கள் துணியை மட்டும் தனியாக மூட்டை கட்டி வைப்பார்கள். பெலிக்ஸ் தன் லோடு ஆட்டோவில் வாரம் ஒரு நடை அதை ஏற்றிக்கொண்டு வருவான். என்னோடு ஷெட்டில் வேலை பார்க்கிற வேலுத்தாய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏக்கா, இது நீ ஈஸ்வரி பிள்ளைக்குத் தச்சதுல்லா" என்றாள். ஒரு நுனிகூடக் கருகவில்லை. பெட்ரோல் வாடையும் இல்லை. முட்டை ஓடுதான் ஒட்டியிருந்தது. மாமா சாப்பிடாமல் போன அன்றைக்கு உடைத்த முட்டையாக இருக்கும்.

ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர் தங்கச்சிக்குப் பொய் எழுதுகிறார். எரித்தேன் என்று எழுதினால்தான் எனக்கு வலிக்கும் என்று நினைத்தீர்கள், இல்லையா? குப்பை வண்டியில் போட்டேன் என்று எழுதியிருந்தாலே வலித்திருக்கும்.

மயானத்துத் துணியைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தாதீர்கள். அம்மா மேல் அன்றைக்கு எத்தனை சேலை விழுந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை, நீங்கள் மொட்டை போட்டுக்கொண்டு இருந்தீர்கள். நான் பார்த்தேன். கடைகளில் கோடிச் சேலை என்று தனியாகவே அடுக்கி வைத்திருக்கிறார்கள். கொசுவலை மாதிரி இருக்கும். உயிரோடு இருக்கிற ஒருத்தியும் அதைக் கட்ட முடியாது. போடுகிறவர்களுக்கும் அது தெரியும், போட்ட பெயர் வேண்டும், அவ்வளவுதான். நைலானை எரிமேடையில் ஏற்றக் கூடாது என்று உள்ளே கொண்டுபோகும் முன் உருவி மூலையில் எறிவார்கள். மறுநாள் குப்பை லாரியில் போகும். மண்ணுக்குள் போட்டால் நானும் நீங்களும் செத்து, உங்கள் பேத்திக்குப் பேத்தி பிறந்த பிறகும் மக்காமல் அப்படியே கிடக்கும். நான் அதை எடுத்து வெந்நீரில் போட்டு அலசி, வெட்டி, லாரி பட்டறைக்குத் துடைக்கும் துணியாகக் கொடுக்கிறேன். இதில் அம்மாவுக்கு என்ன அவமானம்?

ஈஸ்வரி என்னமோ சொல்ல வந்தாள், வாயை மூடு என்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொல்ல வந்தாள் என்று அவளைக் கேளுங்கள். நான் சொல்ல மாட்டேன். என் வாயைத்தான் மூடச் சொல்லிவிட்டீர்களே.

முனீஸ்வரி


ராஜபாளையம்
15.2.2025

முனீஸ்வரிக்கு,

எரிக்கவில்லை. குப்பை வண்டியில்தான் போட்டேன். கோபத்தில் எரித்தேன் என்று எழுதினேன். அதனால் என்ன, நீ செய்தது சரியாகிவிடுமா?

நீ சொல்லும் நியாயமெல்லாம் லாரி பட்டறைக்குச் சரி. என் பேத்திக்கு எப்படிச் சரியாகும்? நீ ஷெட்டில் தைக்கிற கால்மிதியும் மெத்தையும் எத்தனை வீட்டுக்குப் போகிறது. எந்த வீட்டு வாசலில் யார் பிணத்தின் மேல் கிடந்த சேலை கிடக்கிறது என்று சொல்லித்தான் விற்கிறாயா? அவர்களுக்குத் தெரிந்தால் உன்னைச் சும்மா விடுவார்களா?

நேற்று எங்கள் தெரு மயானக் கமிட்டி கூடியது. நான்தான் செயலாளர் என்பது உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். இனி இந்த மயானத்திலிருந்து ஒரு முழம் துணிகூட ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகாது. பின்னால் குழி வெட்டி அங்கேயே எரித்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். பெலிக்ஸ் வண்டியை உள்ளே விடக் கூடாது என்று காவலுக்கு இருப்பவரிடமும் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் கை தூக்கினார்கள். என் தங்கச்சி என்று ஒருத்தரும் முகம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஈஸ்வரியைக் கேள் என்கிறாய். பச்சை உடம்புக்காரியிடம் போய் இந்தப் பிணத்துத் துணிப் பேச்சை நான் பேச மாட்டேன். அவளும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாம் உன்னால்.

பேத்திக்குக் கடையில் நல்ல மெத்தை வாங்கிவிட்டேன். பச்சை உறை, யானைக் குட்டி படம் போட்டது. உன் தையலெல்லாம் அதன் கிட்டே நிற்க முடியாது. இரண்டு நாள் வியர்த்துக் கொட்டி அழுதாள். புது மெத்தை, பழகவில்லை. இப்போது பழகிவிட்டது. படுக்க வைத்தால் அப்படியே தூங்கிவிடுகிறாள். மாமா மட்டும் இன்னும் என் போனை எடுக்கவில்லை.

தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.3.2025

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நேற்று ஈஸ்வரி போன் செய்தாள். பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முந்தாநாள் உங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனாராம். அவர் மேல் விழுந்த துணியை, முன்னால் சேர்ந்து கிடந்ததையும் சேர்த்து, உங்கள் கமிட்டி குழியில் போட்டுக் கொளுத்தியிருக்கிறது. நைலான் எரிந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா? அது எரியாது, உருகும். உருகி உருகிப் புகையும். அந்தப் புகை காற்று அடித்த பக்கமெல்லாம் போய் உங்கள் வீட்டு ஜன்னலுக்கும் வந்திருக்கிறது. பிள்ளை இருமி இருமிப் பால் குடிக்காமல் கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள்தானே? டாக்டர் என்ன புகை என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "யாரோ குப்பையக் கொளுத்திட்டாங்க" என்று சொன்னீர்களாம். யாரோவா? செயலாளர் யார் அண்ணே?

செத்தவர்கள் துணி பிள்ளையின் முதுகுக்கு அடியில் இருந்தால் ஆகாது. அதையே எரித்துப் புகையாக அவள் நெஞ்சுக்குள் அனுப்பினால் ஆகும். உங்கள் சாஸ்திரம் ரொம்ப நன்றாக இருக்கிறது.

இங்கே வேலுத்தாயும் மற்றவர்களும் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் துணி கேட்டு வந்து வெறுங்கையோடு போகிறார்கள். வேலுத்தாய் உங்களைத் திட்டுவதைக் கடிதத்தில் எழுத முடியாது, தபால்காரர் பெரிய மனுஷன்.

சொல்லித்தான் விற்கிறாயா என்று கேட்டீர்கள். மயானத்துத் துணி ஒரு வீட்டுக்கும் போவதில்லை. அதற்குத் தனி மூலை, தனிக் கத்தரி. முழுக்கப் பட்டறைக்குத்தான். வீட்டுக்குப் போகும் கால்மிதி எல்லாம் நைட்டி கட்டிங் வேஸ்ட். மயானத்திலிருந்து ஒன்றே ஒன்றுதான் வீட்டுக்குப் போனது. அது உங்கள் வீட்டுக்கு. ஏன் போனது என்று இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

அம்மாவுக்குப் பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மாவின் துணிமணியை எல்லாம் பெட்டியோடு குப்பை வண்டியில் ஏற்றினீர்கள். கண்ணில் பட்டால் தாங்க முடியவில்லை என்றீர்கள்.  மேலாக இருந்த ஒன்றை மட்டும் உருவி என் பைக்குள் திணித்துக்கொண்டேன். நீலக் கட்டம் போட்ட நூல் சேலை, அம்மா தினமும் கட்டித் துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் கேட்டபோது கொண்டாரேன் என்றது அதைத்தான். எடுத்து விரித்தால் இழை இழையாக விடுகிறது. பிள்ளை காலை உதைத்தால் கிழிந்துவிடும். அதனால் நாலாக மடித்து உள்ளே வைத்து, மேலே மாமாவின் சேலையைப் போட்டுத் தைத்தேன். அன்றைக்கு விழுந்த சேலைகளில் நூல் சேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கொசுவலை. அது மயானத்து மூலைக்குப் போகவே இல்லை. அம்மாவோடு அது வெந்துபோகட்டும் என்று விட எனக்கு மனசில்லை, மேடையில் ஏற்றும் முன்னாலேயே எடுத்துக்கொண்டேன்.

உள்ளே பஞ்சு கிடையாது, வேஸ்ட் துணி கிடையாது. அம்மா சேலை மட்டும்தான். ஈஸ்வரிக்கு அது தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அம்மா துணியை நீங்கள் இரண்டாம் தடவையாகக் குப்பை வண்டியில் போட்டீர்கள்.

முனீஸ்வரி


ராஜபாளையம்
9.3.2025

முனீஸ்வரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் டியூட்டிக்குப் போகவில்லை.

இதை ஏன் முதல் கடிதத்திலேயே சொல்லவில்லை? இரண்டு பக்கம் என்னைத் திட்ட இடம் இருந்தது, உள்ளே அம்மா சேலை இருக்கிறது என்று ஒரு வரி எழுத இடம் இல்லையா? ஈஸ்வரியைக் கேள், ஈஸ்வரியைக் கேள் என்று விடுகதை போட்டாய். அவளாவது நான் ஒரு அதட்டல் போட்டதும் பயந்துவிடாமல் திரும்பச் சொல்லியிருக்கலாம். உன் மதினிக்கும் தெரியுமாம். நேற்றுக் கேட்டால் "நீங்க கேக்கலியே" என்கிறாள். இந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் வாய் கிடையாது. எனக்குக் காது கிடையாது என்று நீ சொல்லுவாய். சொல்லிக்கொள்.

நான் கூமாப்பட்டிக்குப் போனேன். மாமா காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிட வேண்டும் என்றுதான் போனேன். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டேன் மாமா, தங்கச்சியோடு பேச்சும் இல்லை என்றேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே, என்னத்துக்குலே எறிஞ்ச?" என்றார்.

நீங்கள் சாப்பிடாமல் போனீர்களே என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தச் சேல கோடிக்குன்னு வாங்குனதில்ல. தீவாளிக்கு அக்கா கட்டட்டும்னு முன்னாடியே எடுத்து வச்சது. அதுக்குள்ள போயிருச்சு. கட்டாமப் போச்சேன்னு மேல போட்டேன். அதப் பிள்ளைக்கு அடியில பாத்ததும் தொண்ட அடச்சிருச்சு. உங்க முன்னாடி அழுதுட்டு நிக்கவா முடியும்? அதான் வந்துட்டேன். நீ என்னலே நெனச்ச?"

போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். போன் வாய்க்காலில் விழுந்துவிட்டதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு யார்மேல் அதைக் காட்டுவது என்று தெரியவில்லை. உன்மேல் காட்டலாம் என்றால் உன்மேல் ஏற்கனவே காட்டியாகிவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அந்த மெத்தை எனக்கு வேண்டும். நீ வெட்டிப் பட்டறைக்குக் கொடுத்திருந்தால் எந்தப் பட்டறை என்று எழுது, நானே போய்க் கேட்கிறேன். வெட்டாமல் வைத்திருந்தால் பெலிக்ஸிடம் கொடுத்து அனுப்பு. ஆனால் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொள்ளாதே. என்னிடம் சொல்லாமல் தைத்தது தப்பு. எது, எங்கிருந்து வந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பிறகு பிள்ளைக்கு விரித்திருக்க வேண்டும். அதில் நான் மாற மாட்டேன்.

தவசிமுத்து


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.3.2025

அண்ணனுக்கு,

சொல்லாமல் தைத்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீங்கள் அதை வாசலுக்குள் விட்டிருக்க மாட்டீர்கள் என்பதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னதைப் படித்துவிட்டு நானும் வேலுத்தாயும் ஷெட்டில் உட்கார்ந்து அழுதோம். பிறகு உங்களை நினைத்துத் திரும்பவும் கோபம் வந்தது. ஒரு மனிதர் தொண்டை அடைத்து எழுந்து போகிறார், அதை மரியாதைக் குறைச்சல் என்று எடுத்துக்கொண்டு ஊரைக் கூட்டிக் கமிட்டி போட்டுக் குழி வெட்டுகிறீர்கள். எப்போது பார்த்தாலும் யாராவது உங்களை அவமானப்படுத்திவிட்டார்கள் என்றே இருந்தால் எப்படி?

மெத்தையைப் பெலிக்ஸிடம் கொடுத்து அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்ப முடியாது. என்னிடம் இல்லை.

முட்டை ஓட்டைச் சுரண்டி, வெந்நீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, போன மாதமே பெலிக்ஸிடம் கொடுத்துவிட்டேன். அவன் நீங்கள் டியூட்டிக்குப் போன பிறகு உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். கடையில் நீங்கள் வாங்கிய மெத்தையில் பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, உள்ளே முழுக்க ஸ்பாஞ்ச். ஈஸ்வரி அந்த ஸ்பாஞ்சை உருவி எங்கள் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டாள். தலையணைக்கு ஆகும், வீணாகவில்லை.

படுக்க வைத்தால் அப்படியே தூங்குகிறாள் என்று எழுதினீர்களே, எதில் தூங்குகிறாள் என்று பச்சை உறையைக் கழற்றிப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு ஈஸ்வரியை ஒரு அதட்டல் போட்டீர்கள் என்றால், இனி உங்கள் ஊருக்குக் கடிதம்கூட எழுத மாட்டேன்.

முனீஸ்வரி


ராஜபாளையம்
18.3.2025

முனீஸ்வரிக்கு,

அதட்டவில்லை.

கடிதம் வந்தபோது பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். எழும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் ஈஸ்வரி தூக்கிக்கொண்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உறையின் ஜிப்பை இழுத்தேன். மாமா சேலை. அதன் மூலையில் உன் தையல் ஒரு இடத்தில் விட்டிருக்கிறது, நல்ல தையல்காரி நீ. அதன் வழியாக விரலை விட்டேன். அம்மா சேலை கையில் பட்டது. 

என் வீட்டுக்குள் என் கண்ணுக்கு எதிரே ஒரு மாதமாக என்னை முட்டாளாக்கி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. லேசில் போகாது. உன் நம்பருக்குப் போட்ட பிளாக்கையும் இன்னும் எடுக்கவில்லை.

நேற்று கமிட்டியில் குழியை மூடச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். என் பேத்தி இருமுகிறாள் என்றேன். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு போனார்கள், போகட்டும். வெள்ளிக்கிழமை பெலிக்ஸை வரச் சொல். துணியை நான் நின்று ஏற்றிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வருகிறார். உன்னை வரச் சொன்னது மாமா, நான் இல்லை. படி ஏறாதே என்று நான் எழுதியதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே.

மெத்தையில் உறை இனி வேண்டாம். மாமா வரும்போது அந்தச் சேலை மேலாகத் தெரியட்டும். பச்சை உறையை மடித்து இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். நைலான்தான், பிள்ளைக்கு ஆகாது. உன் மூட்டையில் போட்டுக்கொள்.

அண்ணன்
தவசிமுத்து